உதிரி மல்லிகை

போன வாரம் தனராஜை அவன் அக்காள் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு நாம் பாட்டுக்கு நம் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். பாவம், அவன் இன்னும் அங்கேதான் நிற்கிறான். விடிந்து சற்று நேரம்தான் ஆகிறது, அதற்குள் தூத்துக்குடி வெயில் சுவரில் ஏறிவிட்டது. சட்டையின் முதுகுப் பக்கம் நனைந்து ஒட்டியிருக்கிறது. உள்ளே வா என்று அக்காள் சொல்லவில்லை. வரட்டுமா என்று தம்பியும் கேட்கவில்லை.

புதிதாகப் படிக்கிறவர்கள் முழிக்க வேண்டாம். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

தனராஜ் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. தோணியில் ஏறுகிற மூட்டைகளைச் சரிபார்ப்பது அவன் வேலை. அவன் மனைவி ஜெபசெல்விக்குத் தலைப்பிரசவம். நாசரேத் ஊரிலிருக்கும் தாய் வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவள். ஆனால் இது உலக யுத்தம் நடக்கிற காலம், பெட்ரோல் கிடையாது. கரியில் ஓடுகிற பஸ் எந்த ஊர் எல்லையில் மூச்சை விடும் என்று டிரைவருக்கே தெரியாது. அதனால் தாயார் அற்புதமணியே இங்கே வந்து இறங்கினாள். ஆண் பிள்ளை பிறந்தது. மறுநாள் விடிந்த கொஞ்ச நேரத்தில் போய்விட்டது.

ஞானஸ்நானம் கொடுக்கக் குருவானவர் (சபையார் வாயில் ‘ஐயர்’) ஊரில் இல்லை, ஆலந்தலைப் பக்கம் ஒரு கிராமச் சபைக்குப் போயிருந்தார். ஞானஸ்நானம் ஆகாத பிள்ளைக்குக் கோயில் மணி அடிக்கமாட்டார்கள். அடக்க ஆராதனை கிடையாது, கல்லறை வரிசையில் இடமும் கிடையாது. அதுதான் அந்தச் சபையில் வழக்கம். தனராஜே பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் கல்லறைத் தோட்டத்தின் வேலியோரம், உடைமரத்தடி மண்ணில் புதைத்துவிட்டு வந்தான். அன்றிலிருந்து ஜெபசெல்வி வாய் திறக்கவில்லை.

இனி அக்காள். பெயர் ஞானதீபம். மிஷன் பெண்கள் பள்ளியில் டீச்சர், விதவை, தனிக்கட்டை. தம்பி வீட்டுப் படியை அவள் மிதித்து மாசக்கணக்காகிறது. காரணம் ஒரு முந்திரிக்கொத்து. சிரிக்காதீர்கள். குடும்பச் சண்டைகளுக்கு அதைவிடச் சின்னக் காரணங்கள் எனக்குத் தெரியும்.

ஏழாம் மாதம் பிள்ளைத்தாய்ச்சிக்குப் பலகாரம் ஊட்டினார்கள். ஒவ்வொருத்தியாக வந்து ஊட்ட, ஞானதீபமும் தட்டிலிருந்து ஒரு முந்திரிக்கொத்தை எடுத்தாள். அற்புதமணி சிரித்த முகம் மாறாமல் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "டீச்சரம்மா, நீங்க ஜெபம் பண்ணுங்க. ஊட்டுததுக்குப் பிள்ளை பெத்தவங்க வரட்டும்."

ஜெபசெல்வி தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஞானதீபம் எடுத்ததைத் தட்டில் வைத்தாள், ஜெபமும் பண்ணினாள், குடையை எடுத்துக்கொண்டு வந்தவள்தான். பிள்ளை செத்த துக்கத்துக்கும் போகவில்லை. சபையில் அது ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது.

சரி, தனராஜை இன்னும் எவ்வளவு நேரம் வெயிலில் நிறுத்துவது?

"அக்கா, நீ வரணும்" என்றான்.

"உன் மாமியார் இருக்காங்கல்லா. என்னத்துக்கு நான்?"

"அவ பேசமாட்டேங்கா. பச்சத் தண்ணி இறங்கல. நேத்திலிருந்து காய்ச்சல் வேற. நர்சம்மா வந்தாங்க, கிட்டயே விடல."

"காய்ச்சலுக்கு டாக்டரைக் கூப்பிடு. நான் கணக்கு வாத்திச்சி. எனக்கு என்ன தெரியும்?"

சொன்னதும் ஞானதீபத்துக்கே நாக்கு கசந்தது. ஆனாலும் அந்த முந்திரிக்கொத்து தொண்டையில் நின்றுகொண்டிருக்கிறதே, என்ன செய்ய? பள்ளிக்கு நேரமாகிறது என்று காட்டுகிற மாதிரி மூலையிலிருந்த குடையை எடுத்தாள்.

தனராஜ் திரும்பினான். அவன் கோபக்காரன் இல்லை. படியில் இறங்கிக்கொண்டே, அவளிடம் சொல்கிறோம் என்றுகூட இல்லாமல், தன்பாட்டில் புலம்பினான்.

"என்னத்தையோ மறைக்கா. கையை மாரோட இறுக்கிக் கட்டிக்கிட்டு சுவரைப் பாத்துப் படுத்திருக்கா. அத்தை போய்க் கட்டிப் பிடிச்சா பல்லைக் கடிக்கா. சட்டை எல்லாம் நனைஞ்சு கெடக்கு. ஏன்னு கேட்டா செம்பைக் காட்டுதா, தண்ணி கொட்டிட்டாம்."

ஞானதீபம் குடையைக் கீழே வைத்தாள்.

"ஏலே தனராஜ். எப்ப இருந்து நனைஞ்சு கெடக்கு?"

"நேத்து காலையிலயே பாத்தேன். ஏன்?"

"நீ வீட்டுக்குப் போ. நான் வாரேன்."

"பள்ளிக்கூடம்?"

"போன்னு சொன்னேன்லா."

பிள்ளை போன சேதி தாயின் உடம்புக்குத் தெரியாது. அது பாட்டுக்குப் பால் சுரக்கும். குடிக்க வாய் இல்லாமல் கட்டிக்கொண்டால் கல்லாக இறுகும், காய்ச்சல் வரும். கவனிக்காமல் விட்டால் சீழ் பிடித்து ஆளையே கொண்டுபோனதும் உண்டு. அற்புதமணி நான்கு பெற்றவள், இதெல்லாம் அவளுக்கும் தெரிந்ததுதான். ஆனால் மகள் மறைத்தாள். செத்த பிள்ளைக்குப் பால் வருகிறது என்று எந்த வாயால் சொல்லுவாள்? அவளுக்கு அது அவமானமாக இருந்தது.

பெறாதவள் என்று பெயர் வாங்கிய டீச்சருக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். இத்தனை வாரமாக உங்களிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை இப்போது சொல்லிவிடுகிறேன்.

ஞானதீபம் பெற்றவள்தான். இருபது வருஷத்துக்கு முன்பு, சாத்தான்குளத்தில், புகுந்த வீட்டில். பெண் பிள்ளை. அதுவும் தங்கவில்லை, அதற்கும் ஞானஸ்நானம் ஆகவில்லை, அதுவும் வேலியோரம்தான். மாமியார்க்காரி அன்றே சட்டம் போட்டுவிட்டாள். ஞானஸ்நானம் ஆகாத பிள்ளை கணக்கில் கிடையாது, இனி இந்த வீட்டில் அதைப்பற்றிப் பேச்சு எடுக்கக்கூடாது. கணவன் ஞானையா தாய் சொல்லைத் தட்டாதவன். அப்போது தனராஜ் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு "அக்காவுக்குக் காய்ச்சல்" என்று மட்டும் சொன்னார்கள். பிறகு ஞானையா கொழும்புக்கு வேலைக்குப் போய் அங்கேயே இறந்தான். மாமியாரும் போய்ச் சேர்ந்தாள். அந்தப் பிள்ளை பிறந்ததை அறிந்த ஆள் ஞானதீபத்தைத் தவிர யாரும் மிச்சமில்லை.

இல்லை, இன்னொருத்தி உண்டு. பக்கத்துத் தோட்டத்து இசக்கியம்மாள். பால் கட்டி ஞானதீபம் துடித்தபோது கொல்லை வழியாக வந்து, மடியிலிருந்து மல்லிகையை அள்ளி மார்பில் வைத்துக் கட்டிவிட்டவள் அவள்தான். மல்லிகை வைத்துக் கட்டினால் பால் வற்றும். பூச்சூடுவது பக்திக்குக் குறைச்சல் என்று பூ வைக்காத வீடு அது. மாமியார் வாசனை பிடித்து வந்து, கட்டை அவிழ்த்துப் பூவை வாசலில் கொட்டினாள். மறுநாளும் இசக்கியம்மாள் வந்தாள், அதே கொல்லை வழியாக.

அன்று தொட்டு ஞானதீபத்துக்கு மல்லிகை வாசனை ஆகாது. பூக்கடை இருக்கிற தெருவில் நடக்கமாட்டாள். சபைப் பெண்கள் இதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். "டீச்சரைப் பாருங்க, பூவைக் கண்ணெடுத்துப் பாக்கமாட்டாங்க, அதுல்லா பக்தி" என்று பெண்கள் கூட்டத்தில் உதாரணம் காட்டுவார்கள். அவளும் மறுத்ததில்லை. என்னவென்று சொல்லி மறுப்பாள்?

அப்பேர்ப்பட்ட ஞானதீபம் அன்று காலை ஓலைப்பெட்டி ஒன்றை இடுக்கிக்கொண்டு, நேராகக் கடைத்தெரு முக்குக்குப் போய்ப் பூக்காரி சீனித்தாய் முன்னால் நின்றாள்.

சீனித்தாய் நிமிர்ந்து பார்த்தாள். "டீச்சரா? வழி தப்பி வந்துட்டியளோ?"

"மல்லி உதிரியா இருக்கா?"

"இருக்கு. இப்பத்தான் மாப்பிள்ளையூரணியில இருந்து வந்துச்சு. பள்ளிக்கூடத்துல டிராமாவா?"

"இல்ல. இருக்கிறதைப் பூரா போடு."

"கூடை பூராவுமா? இருங்க, தொடுத்துத் தாரேன். உதிரியை வச்சு என்ன செய்வியோ?"

"தொடுக்காண்டாம் சீனித்தாய். பச்சை உடம்புக்காரிக்கு. பிள்ளை தங்கல."

சீனித்தாயின் கை அப்படியே நின்றது. அதற்கு மேல் கேலி இல்லை. பெட்டியில் வாழையிலை விரித்துக் கூடையைக் கவிழ்த்தாள். வாடிவிடக்கூடாதென்று ஈரத்துணி ஒன்றையும் மேலே போட்டாள்.

"யாரு பெத்த பிள்ளையோ. சீக்கிரம் கொண்டு போங்க டீச்சர்" என்றாள்.

சீக்கிரம்தான் போக வேண்டும். ஆனால் அந்த வாசனை! ஈரத்துணிக்கு அடங்குகிற வாசனையா அது? தெரு திரும்புவதற்குள் ஞானதீபம் பெட்டியை மூக்குக்கு எட்டாமல் தள்ளிப் பிடித்தாள். கொல்லைச் சுவரும், நனைந்த சேலையும், வாசலில் கொட்டிக் கிடந்த பூவும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. ஒரு வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆண்டவரே, இந்தத் தெருவை மட்டும் கடக்க வையும் என்று கேட்டாள். பெரிய ஜெபம் எதுவும் அப்போது வாயில் வரவில்லை.

எதிரே வந்த சபைப் பெண்கள் இரண்டு பேர் அவளுக்கு ஸ்தோத்திரம் சொல்ல வாயெடுத்தார்கள். பெட்டியைப் பார்த்ததும் மூடிக்கொண்டார்கள். விதவை, டீச்சர், தம்பி வீட்டுத் துக்கத்துக்கே போகாதவள், பெட்டி நிறைய மல்லிகையோடு போகிறாள். அன்று மத்தியானச் சோற்றுக்கு இந்தப் பேச்சே போதும், அவர்களுக்குக் குழம்பு தேவைப்பட்டிருக்காது.

தனராஜ் வீட்டில் பாய் விரித்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கிருபை என்றொருத்தி பாமாலையைப் பிரித்து வைத்துப் பாடிக்கொண்டிருந்தாள். துக்க வீட்டில் ஒரு நிமிஷம் மௌனமாக இருந்துவிட்டால் கிருபைக்கு நெஞ்சு அடைத்துவிடும், உடனே பாட்டுத்தான். நடுவில் வெள்ளைச் சேலையில் அற்புதமணி. கிராமச் சபைகளில் ஆராதனை நடத்துகிற உபதேசியாரின் மனைவியாக நாற்பது சபைகளைப் பார்த்தவள், கணவன் போன பிறகும் அந்த நிமிர்வு குறையாதவள். மகள் வீட்டுத் துக்கத்தில் இதுவரை ஒருவர் முன்னாலும் அவள் கண் கலங்கியதில்லை. கலங்கினால் விசுவாசத்துக்குக் குறைச்சல் என்று அவளுக்கு எண்ணம்.

"வாங்க டீச்சரம்மா" என்று வாய் சொன்னது. கண் பெட்டிக்குப் போனது. "பெட்டியில என்னது?"

"பூ."

கிருபையின் பாட்டு பாதியில் நின்றது. கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

அற்புதமணி எழுந்து வந்து உள்ளறைக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டாள். குரலை உயர்த்தவில்லை. "உபதேசியார் இருந்த காலத்துல இருந்து எங்க வாசலுக்குள்ள பூ வந்ததில்ல. அதுவும் இந்த நேரத்துல. என் பேரன் மேல போட்ட மண்ணு இன்னும் காயல. துக்கத்துக்கு வராதவங்க, இப்ப இதோட வாரியளே. நீங்க படிச்சவங்க டீச்சரம்மா."

முற்றத்தில் நின்ற தனராஜ் தலையில் கை வைத்துக்கொண்டான். கூப்பிட்டது தப்போ என்று அவனுக்குத் தோன்றிவிட்டது.

ஞானதீபத்துக்குச் சுள்ளென்று ஏறியது. உன் மகளுக்குப் பால் கட்டியிருக்கிறது, பெற்றவளுக்கு அதுகூடத் தெரியவில்லையா என்று கேட்க ஒரு நொடி போதும். முந்திரிக்கொத்துக்குப் பழியும் தீர்ந்துவிடும். கிருபை அதைச் சபை முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். ஆனால் உள்ளே ஒருத்தி கையை இறுக்கிக் கட்டிக்கொண்டு எதை மறைக்கிறாள் என்பது இவளுக்குத் தெரியும். இவளும் அதைத்தான் மறைத்தாள்.

அற்புதமணியின் காதருகே குனிந்தாள். "அத்தை, வழி விடுங்க. இதை ஒரு தடவை எனக்குக் கட்டியிருக்காங்க."

அற்புதமணி பூவைப் பார்த்தாள். ஞானதீபத்தைப் பார்த்தாள். நான்கு பெற்றவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மகள் ஏன் பல்லைக் கடித்தாள் என்பது முதலில் புரிந்தது. எதிரே நிற்கிறவளும் பெற்றவள் என்பது அடுத்துப் புரிந்தது. அன்று மணிக்கட்டைப் பிடித்த தன் கையையே அவள் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியலையே" என்றாள். மகளைச் சொன்னாளா, இவளைச் சொன்னாளா, இரண்டு பேரையும்தான் சொல்லியிருப்பாள். கதவை விட்டு விலகினாள்.

அறைக்குள் சன்னல் பாதி சாத்தியிருந்தது. ஜெபசெல்வி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஞானதீபம் கதவைச் சாத்திவிட்டுப் பாயோரத்தில் உட்கார்ந்தாள். இசக்கியம்மாளும் அன்று அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள்.

"தண்ணி கொட்டிட்டா செல்வி?"

சுவரைப் பார்த்தபடியே ஜெபசெல்வி தலையை ஆட்டினாள்.

"நானும் தண்ணின்னுதான் சொன்னேன். சேலை மாத்தி மாளல. யாரும் பாக்காம கொல்லையில கொண்டு போய்க் காயப் போடுவேன். கேட்டா செம்பு சரிஞ்சிட்டும்பேன். எத்தனை தடவைதான் ஒரு செம்பு சரியும்?"

ஜெபசெல்வி மெல்லத் திரும்பினாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. அவள் வாயைத் திறந்தாள், குரல் வருவதற்குக் கொஞ்சம் நேரமாயிற்று.

"உங்களுக்கா மைனி?"

"ஆமா. பொம்பளப் பிள்ளை. சாத்தான்குளத்துல. உன் மாப்பிள்ளைக்கே தெரியாது. கையை எடு பாப்போம்."

ஜெபசெல்வி கையை எடுத்தாள். கல்லாகத்தான் இருந்தது. ஞானதீபம் பழைய வேட்டியைக் கிழித்து, பூவை அள்ளி வைத்து, பதமாகச் சுற்றிக் கட்டினாள். விரலெல்லாம் மல்லிகை. வாசனை மூக்கில் ஏறி நெஞ்சுக்குள் இறங்கியது. முடிச்சு சரியாக விழுந்தது.

"சாயங்காலம் வாடிரும். புதுசு வச்சுக் கட்டுவேன். நாளைக்கும் வாரேன். வலி குறையும். உடனே குறையாது, ஆனா குறையும்."

"மைனி, அன்னைக்கு அம்மா அப்படிச் சொன்னப்ப நான் ஒரு வார்த்தை சொல்லல."

"இப்பப் பேசுதல்லா. அது போதும்."

அது போதவில்லை. ஜெபசெல்வி எழுந்து உட்கார்ந்தாள், கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தாள், ஞானதீபத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் ஒண்ணு சொல்லணும். யாருட்டயும் சொல்லல. அம்மாட்ட சொல்லிராதிய."

"சொல்லு."

"அன்னைக்கு விடியக்காலம் அம்மா அசந்து தூங்கிட்டாங்க. அவன் மூச்சை இழுத்து இழுத்து விட்டான். ஐயரு வர மட்டும் தாங்கமாட்டான்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. செம்புல தண்ணி இருந்துச்சு. நானே எடுத்து மூணு தடவை அவன் தலையில ஊத்தி, பேரைச் சொல்லி, பிதா குமாரன் பரிசுத்த ஆவின்னு..." பக்கத்திலிருந்த செம்பைச் சுவரோரம் தள்ளினாள். "ராத்திரி பூரா வெளியில இருந்த தண்ணி மைனி. சில்லுன்னு இருந்துச்சு. அவன் உடம்பு தூக்கிப் போட்டுச்சு. கொஞ்ச நேரத்துல போயிட்டான். பொம்பள செய்யலாமா இதை? கர்த்தர் கோவப்பட்டுத்தான் எடுத்துக்கிட்டாரோ? நான் ஊத்துன தண்ணிதான் அவனைக் கொன்னுட்டு."

இத்தனை நாள் அவள் வாயைக் கட்டிப்போட்டது இதுதான். சோறு இறங்காததும் இதனால்தான். வெளியே பாயில் இருக்கிறவர்களைக் கேட்டிருந்தால் கர்த்தருடைய சித்தம் என்று சொல்லியிருப்பார்கள். சித்தம் என்ற சொல் அவள் காதில் தண்டனை என்றே விழுந்திருக்கும்.

ஞானதீபம் சித்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தன்னிடம் இருந்ததைத்தான் எடுத்துச் சொன்னாள்.

"என் பிள்ளைக்கும் மூச்சு அப்படித்தான் இழுத்துச்சு செல்வி. எம் பக்கத்துலயும் செம்பு இருந்துச்சு. ஐயர் வரட்டும், நீ பேசாம இருன்னாங்க மாமியார். நானும் பேசாம இருந்தேன். ஒரு சொட்டுத் தண்ணி படல எம் பிள்ளை மேல. கம்பளியில சுத்தி, நெஞ்சோட அணைச்சு, கதகதன்னுதான் வச்சிருந்தேன்." குரல் உடைந்தது. அவள் அதைச் சரிசெய்ய முயலவில்லை. "அதுவும் போயிட்டு. கதகதன்னு வச்சிருந்தும் போயிட்டு."

ஜெபசெல்வி அவள் முகத்தையே பார்த்தாள்.

"உடம்பும் தூக்கிப் போட்டுச்சா?"

"போட்டுச்சு. தண்ணி இல்லாமலே போட்டுச்சு. போற உயிர் அப்படித்தான் செய்யும்போல. நீ ஒண்ணும் செய்யல தாயி. உன் கை அவனைக் கொல்லல."

"நெசமாவா?"

"நான் பாத்தவ சொல்லுதேன். இருபது வருஷமா, ஊத்தாம விட்டேனே, ஊத்தாம விட்டேனேன்னு நான் அழுதுக்கிட்டிருக்கேன். எனக்கு இல்லாத தைரியம் உனக்கு இருந்துச்சு. நீ போய் அதுக்கு அழுதியா?"

அவ்வளவுதான். ஜெபசெல்வி அவள் மடியில் விழுந்தாள். அடக்கி வைத்திருந்ததெல்லாம் சத்தமாக வந்தது. ஞானதீபமும் அழுதாள். யார் எந்தப் பிள்ளைக்கு அழுதார்கள் என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

என் பிள்ளையை ஏன் கொடுத்தீர், ஏன் எடுத்தீர் என்று ஞானதீபம் கர்த்தரிடம் கேட்காத வருஷம் இல்லை. பதில் வந்ததில்லை. இன்றும் வரவில்லை. ஆனால் அவள் பட்ட பாட்டில் ஒரு துளியும் வீணாகாமல் இந்த அறையில் இன்னொருத்திக்குத் தேவைப்பட்டது. அதை நினைத்து அவளுக்கு ஆறுதலாக இருந்தது, அந்த ஆறுதல் கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

"என்ன பேர் சொன்ன?" என்று கேட்டாள்.

"ஆசீர்."

"ஆசீர்" என்று ஞானதீபம் ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். "நல்ல பேரு."

"உங்க பிள்ளைக்கு?"

"ஞானஸ்நானம் ஆகாததுக்குப் பேர் கிடையாதுன்னுட்டாங்க." கொஞ்சம் தயங்கினாள். "நானா மனசுக்குள்ள ரூபின்னு கூப்பிட்டுக்கிடுவேன்."

"ரூபி" என்றாள் ஜெபசெல்வி. அந்தப் பெயரை இன்னொரு வாய் சொல்லி ஞானதீபம் கேட்டது அதுதான் முதல் தடவை.

வெளியே அழுகைச் சத்தம் கேட்டதும் கிருபைக்குக் கை பரபரத்தது. பாமாலையைப் புரட்டி, தொண்டையைச் செருமி, ஆறுதல் பாட்டு ஒன்றை எடுத்தாள்.

"பாடாண்டாம் கிருபை" என்றாள் அற்புதமணி. கதவை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருந்தாள், எதையெல்லாம் கேட்டாள் என்பது அவளுக்கும் கதவுக்கும்தான் தெரியும். "அழட்டும். என் மக அழட்டும்." சொல்லும்போதே அவள் கண்ணும் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

கிருபை புத்தகத்தை மூடினாள். அவளும் கல்மனசுக்காரி இல்லை. ஒவ்வொருத்தியாக எழுப்பி, சத்தமில்லாமல் அனுப்பிவிட்டுத் தானும் போனாள்.

சற்றுப் பொறுத்துக் கதவு திறந்தது. அற்புதமணி ரேஷன் அரிசிக் கஞ்சிக் கிண்ணத்தோடு உள்ளே வந்தாள். பின்னால் தனராஜ்; முற்றத்துச் சன்னல் வழியாக அவன் காதிலும் எல்லாம் விழுந்திருந்தது. அவன் மனைவியைப் பார்த்தான், அவள் அவனைப் பார்த்தாள். பிறகு அக்காள் பக்கம் திரும்பினான்.

"அக்கா, உனக்கு அப்ப காய்ச்சல்னுல்லா சொன்னாங்க?"

"காய்ச்சலும் வந்துச்சுலே" என்றாள் ஞானதீபம்.

அவன் வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

அற்புதமணி மகளின் வாயருகே கரண்டியைக் கொண்டுபோனாள். பாதி வழியில் அவள் கை நின்றது. கரண்டியைக் கிண்ணத்தில் போட்டாள், கிண்ணத்தை ஞானதீபத்திடம் நீட்டினாள். டீச்சரம்மா என்று கூப்பிடவில்லை.

"இந்தா மக்களே, நீ ஊட்டு." கிண்ணத்தை இன்னும் கிட்ட நீட்டினாள். "பிள்ளை பெத்தவங்க ஊட்டட்டும்."

ஞானதீபம் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். முதல் வாய் ஊட்டினாள். ஜெபசெல்வி விழுங்கினாள். இரண்டாவது வாயும் இறங்கியது. மல்லிகை வாசனை அறை முழுக்க நின்றது. ஞானதீபத்துக்கு அது இன்னும் பிடிக்கவில்லை, ஆனால் எழுந்து போக வேண்டும் என்று தோன்றவில்லை.

பாதிக் கஞ்சியில் ஜெபசெல்வி கரண்டியைத் தடுத்தாள்.

"அம்மா, நீங்க கேட்டுட்டியள்லா?"

அற்புதமணி தலையை ஆட்டினாள்.

"அப்ப அவனுக்கு மணி அடிக்கணும்லா? வேலியோரத்துல ஏன் கெடக்கான் அவன்?"

தனராஜ் தரையைப் பார்த்தான். அந்த உடைமரத்தடி அவன் கண் முன்னால் வந்திருக்கும். ஞானதீபம் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். ஒரு பெண், தனியாக, சாட்சி இல்லாமல் ஊற்றிய தண்ணீரைக் குருவானவர் ஞானஸ்நானம் என்று ஒத்துக்கொள்வாரா? ஒத்துக்கொண்டாலும், வைத்த பிள்ளையை எடுத்து வரிசையில் வைக்கச் சபை சம்மதிக்குமா? சபைச் சட்டத்தை அந்த வீட்டில் எல்லாரையும்விட நன்றாக அறிந்தவள் உபதேசியார் மனைவிதான். அதனால் மூன்று பேரும் அவளைத்தான் பார்த்தார்கள்.

அற்புதமணி எழுந்தாள். முகத்தைக் கழுவினாள். வெள்ளைச் சேலையின் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டு, மருமகனின் குடையைக் கையில் எடுத்தாள்.

"எங்க அத்தை?" என்றான் தனராஜ்.

"ஐயரைப் பாக்க. ஊருக்கு வந்துட்டாராம்லா."

"உச்சி வெயிலு. சாயங்காலம் நான் போறேனே."

"நான் போனாத்தான் சரி" என்றாள் அற்புதமணி, படியில் இறங்கிக்கொண்டே. "என் மக பிள்ளைக்குப் பேர் வச்சிருக்காள்லா."